வீட்டு விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றும் முறை

விளக்கு மாற்றும் காரியத்தைப் பெரும்பாலோர் கடையில்தான் ஆரம்பிக்கிறார்கள். பழைய பல்பு ஃபியூஸ் ஆனதும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், இதற்குப் பதில் எல்.இ.டி. ஒன்று கொடுங்கள் என்று கேட்டு, கடைக்காரர் எடுத்து நீட்டியதை வாங்கி வந்து அதே ஹோல்டரில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதனால் மின்சாரம் மிச்சமாவது உண்மைதான்; ஆனால் அந்த விளக்கின் கீழே உட்கார்ந்து படிக்கிறவருக்கும், அந்த விளக்கின் முன்னே நின்று சமைக்கிறவருக்கும் வெளிச்சம் சரியாக அமைந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே இந்த அத்தியாயத்தைப் படிப்பவர்கள், கடைக்குப் போவதற்கு முன்னால், ஒரு நாள் மாலை விளக்கு வைத்த பிறகு, ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாகத் தங்கள் வீட்டை ஒரு முறை சுற்றி வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நோட்டில் நான்கு விஷயங்களை எழுதினால் போதும். எந்த இடத்தில் என்ன விளக்கு இருக்கிறது, அது எத்தனை வாட், நாளொன்றுக்கு ஏறக்குறைய எத்தனை மணி நேரம் எரிகிறது, அதன் வெளிச்சத்தில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பவையே அவை. முதல் மூன்றும் மின் கட்டணத்தைக் குறைக்க உதவும். நான்காவதுதான் கண்ணுக்கு உதவும். எங்கள் வீட்டில் இப்படிக் கணக்கெடுத்த அன்று எனக்கு உண்டான வியப்பு இன்னும் நினைவிருக்கிறது. கூடத்து டியூப் லைட்டைத்தான் நாங்கள் எல்லோரும் மின்சாரம் தின்கிற விளக்கு என்று சொல்லிச் சொல்லி அணைத்துக்கொண்டிருந்தோம். மாடிப்படி வளைவில் இரவு முழுவதும் எரிந்துகொண்டிருந்த ஜீரோ வாட் பல்பை ஒருவரும் ஒரு விளக்காகவே மதித்ததில்லை. பெயரில் பூஜ்யம் இருக்கிறதே ஒழிய, அது 12 முதல் 15 வாட் வரை இழுப்பது. வட்டத்தகடு சுழலும் பழைய மீட்டர்கள் அவ்வளவு சொற்பமான மின்னோட்டத்தைச் சரிவரப் பதிவு செய்யாததால் அந்தப் பெயர் அதற்கு நிலைத்துப்போயிற்று. இப்போதைய எலக்ட்ரானிக் மீட்டருக்கு அந்தத் தாராளம் கிடையாது. இரவுக்குப் பத்து மணி நேரம் வீதம் இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால், 15 வாட் பல்பு ஒன்பது யூனிட் எடுத்துக்கொள்ளும். அதன் ஸ்தானத்தில் வைக்கும் அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கு அதே அறுநூறு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட எடுப்பதில்லை.

இந்தக் கணக்கை வீடு முழுவதற்கும் விரித்துப் பார்க்கலாம். நான்கு டியூப் லைட்டும் மூன்று 60 வாட் குண்டு பல்பும் உள்ள ஒரு நடுத்தரக் குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பழைய செம்புக்கம்பிச் சோக்கோடு கூடிய 40 வாட் டியூப் லைட், டியூபுக்கு 40, சோக்குக்கு ஏறத்தாழ 12 என்று மொத்தம் 52 வாட் இழுக்கிறது. சோக்கின் பங்கை நம்மில் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால், நான்கும் சேர்ந்து இரண்டு மாதத்தில் சுமார் 62 யூனிட் ஆகும். அவற்றுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. டியூப் பட்டிகளை மாட்டினால் 24 யூனிட். குண்டு பல்புகள் மூன்றும் தினம் நான்கு மணி நேரம் எரிந்தால் 43 யூனிட். அங்கே 9 வாட் எல்.இ.டி. வைத்தால் ஆறரை யூனிட். மாடிப்படி விளக்கையும் சேர்த்துக்கொண்டால், ஒரு பில்லுக்கு எண்பது யூனிட்டுக்கு மேல் மிச்சமாகிறது என்பது பிரத்தியட்சமாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இந்த எண்பது யூனிட்டை வெறும் எண்பதாக மதிப்பிடக் கூடாது. நம் மின்வாரியம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறது. 2016-ஆம் ஆண்டு முதல், முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் படிப்படியாக யூனிட்டின் விலை ஏறிக்கொண்டே போகிறது. எனவே நாம் மிச்சப்படுத்துவது அடிப்படியில் உள்ள மலிவான யூனிட்டை அல்ல, மேல்படியில் உள்ள விலை உயர்ந்த யூனிட்டை. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு: மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விகிதம் மறைந்து, அவற்றுக்கும் அடுத்த படியின் விகிதமே விதிக்கப்படுகிறது. 510 யூனிட் ஓட்டியவர் பத்து யூனிட்டுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. கீழே இருந்த சலுகையையும் இழக்கிறார். கோடையில் 500-ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கும் குடும்பங்களுக்கு விளக்கு மாற்றுவது எல்லாவற்றிலும் சுலபமான நிவாரணம்.

எதை முதலில் மாற்றுவது என்ற கேள்விக்கும் அந்த நோட்டே பதில் சொல்லும். அதிக நேரம் எரியும் குண்டு பல்பு முதலில், பழைய சோக்கு டியூப் லைட் அடுத்தது. நன்றாக எரிந்துகொண்டிருக்கும் சி.எஃப்.எல். விளக்கை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டியதில்லை. 15 வாட்டுக்கும் 9 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் சொற்பம், அது தன் ஆயுளை முடித்துக்கொள்ளட்டும். நாளுக்கு ஐந்து நிமிஷம் எரியும் சாமான் அறை விளக்கை மாற்றினால் பல்பின் விலைகூடத் திரும்பி வராது.

வாட்டை விட்டு லூமெனைப் பார்க்க வேண்டும்

நூறு வாட் என்றால் நல்ல வெளிச்சம், நாற்பது வாட் என்றால் மங்கல் என்பது நம் தாய் தந்தையர் காலத்திலிருந்து மனத்தில் ஊறிப்போன அளவுகோல். வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதைச் சொல்வதே அன்றி எவ்வளவு வெளிச்சம் கொடுக்கிறது என்பதைச் சொல்வதன்று. குண்டு பல்பு ஒன்றே எங்கும் இருந்த காலத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றியதால் அந்தக் குழப்பம் நமக்கு அசௌகரியமாக இருக்கவில்லை. குண்டு பல்பு தனக்குள் பாயும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு அளவே வெளிச்சமாக்கி, மீதியை உஷ்ணமாகக் கொட்டிவிடும் சாதனம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லூமென். அது இப்போது ஒவ்வொரு பெட்டியின் மேலும் அச்சிடப்பட்டிருக்கிறது. 40 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 400 லூமென், 60 வாட்டின் வெளிச்சம் 700, நூறு வாட்டின் வெளிச்சம் 1,300-க்குச் சற்று மேல் என்று நினைவில் வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு எந்த எல்.இ.டி. வருகிறதோ அதை வாங்க வேண்டும். பொதுவாக அவை முறையே 5, 7 முதல் 9, 12 முதல் 15 வாட்டில் கிடைக்கும். ஒரே 9 வாட் என்று எழுதிய இரண்டு பெட்டிகளில் ஒன்று 800 லூமெனும் மற்றொன்று 950 லூமெனும் கொடுப்பதுண்டு. விலை சமமாக இருந்தால் எதை எடுப்பது என்பதில் பிறகு சந்தேகம் எழாது.

டியூப் லைட் விஷயத்தில் லூமென் கணக்கு சற்றே ஏமாற்றும். பழைய நாலடி டியூபின் மேல் 2,400 லூமென் என்று இருக்கும், 20 வாட் எல்.இ.டி. பட்டியின் மேல் 2,000 என்றுதான் இருக்கும். வெளிச்சம் குறைந்துபோகுமே என்று தயங்குவோர் உண்டு. ஆனால் பழைய டியூப் தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெளிச்சத்தை வீசுவது. அதில் கணிசமான பங்கு பின்னால் உள்ள சுவரிலும், பட்டியின் மேல் படிந்த ஒட்டடையிலும் விழுந்து விரயமாகிறது. எல்.இ.டி. பட்டியோ வெளிச்சத்தை முன்பக்கமாகவே அனுப்புகிறது. ஆகையால் தரையில் வந்து சேரும் வெளிச்சம் பழையதற்குக் குறைவாக இராது. இதே குணம் மேஜை விளக்கிலும் தொங்கு விளக்கிலும் வேறுவிதமாகத் தென்படும். எல்.இ.டி. பல்பின் கழுத்துப் பாகம் உஷ்ணத்தை வெளியேற்றும் உலோகத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது என்பதால் அந்தத் திசையில் வெளிச்சம் குறைவு. பல்பின் தலை எந்தப் பக்கம் நோக்குகிறதோ அந்தப் பக்கமே பிரகாசம்.

இந்தச் சிறு பொருளின் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் 1962-இல் உண்டாக்கினார். ரேடியோவிலும் கால்குலேட்டரிலும் சிவப்பும் பச்சையுமாக நாம் பார்த்தவை அதன் சந்ததிகள். வீட்டை விளக்கேற்றுவதற்கு வெள்ளை ஒளி வேண்டும். வெள்ளைக்கு நீலம் வேண்டும். அந்த நீலம் மட்டும் மூன்று தசாப்தங்கள் பிடிகொடுக்கவில்லை. ஜப்பானில் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவரும் காலியம் நைட்ரைடு என்ற பிடிவாதமான பொருளோடு போராடி அதைச் சாதித்து, 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசைப் பெற்றார்கள். நம் பல்புக்குள் இருப்பது அவர்களுடைய நீலச் சில்லு. அதன் மேல் பூசிய மஞ்சள் நிறப் பாஸ்பரம் நீல ஒளியில் ஒரு பாகத்தை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. நம் நாட்டில் இது ஏழை வீட்டுக்கும் எட்டியதற்குக் காரணம், 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக நடந்த மொத்தக் கொள்முதல். 2014-இல் ஒரு பல்புக்கு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-க்குள் 38 ரூபாய்க்கு இறங்கியது. விலை இப்படி விழுந்ததனால் வந்த நன்மை பெரிது. ஆயினும், மலிவு என்பதற்காக வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை விளக்குகளைப் பதித்து, வீட்டின் இரவையே பகலாக்கிக்கொண்டவர்களையும் நான் பார்க்கிறேன். அது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது.

ஒளியின் நிறமும் விளக்கின் இடமும்

பெட்டியின் மேல் 2700, 3000, 4000, 6500 என்று ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் கெல்வின் என்ற அலகும் இருக்கும். எண் குறைய ஒளி மஞ்சள், எண் ஏற ஒளி வெண்மையும் நீலமும். 2700 பழைய குண்டு பல்பின் நிறம். கடையில் வார்ம் ஒயிட் என்று கேட்டால் கொடுப்பார்கள். 4000 நேச்சுரல் ஒயிட். 6500 கூல் டே லைட், அதாவது நாம் டியூப் லைட்டில் பழகிய பால் வெள்ளை. உஷ்ணம் நிறைந்த நம் பிரதேசத்தில் வெள்ளை ஒளி குளிர்ச்சியாகத் தோன்றுவதாலும், மஞ்சள் ஒளியை மங்கல் என்று நினைக்கும் பழக்கத்தாலும், நம் கடைகளில் கேட்காமலே கொடுப்பது 6500 தான். கூடத்துக்கு அது பொருந்தலாம். படுக்கை அறைக்குப் பொருந்தாது என்பது என் திடமான அபிப்பிராயம். நீலம் கலந்த வெளிச்சம் இரவில் நெடுநேரம் கண்ணில் பட்டால், தூக்கத்தை வரவழைக்கும் சுரப்பு உடலில் தடைப்படுகிறது. ஆகையால் படுக்கும் அறையில் 2700 அல்லது 3000 கெல்வின் உள்ள சிறிய விளக்கை, படுத்திருப்பவர் கண்ணுக்கு நேராக அல்லாமல் தலைமாட்டுச் சுவரிலோ பக்கவாட்டிலோ வைப்பது நலம்.

சமையலறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் சமையலறை விளக்கு வாசற்படிக்கு மேல் சுவரில் இருந்தது. அடுப்பு மேடை அதற்கு எதிர்ச்சுவரில். என் தாயார் மேடையை நோக்கி நின்றால் விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நாற்பது வருஷம் அவர் தம் நிழலிலேயே சமைத்தார். எல்.இ.டி. வந்ததும் நான் செய்த முதல் காரியம் அந்த 60 வாட் குண்டு பல்பை எடுத்துவிட்டு 12 வாட் எல்.இ.டி. மாட்டியது, வெளிச்சம் கூடிற்று, அதோடு அவருடைய நிழலும் முன்னைவிடக் கறுத்தது. 'விளக்கு நல்லாத்தாம்ப்பா இருக்கு, கடுகு வெடிச்சதான்னு காதாலதான் கேட்டுக்க வேண்டியிருக்கு' என்று அவர் சொன்ன பிறகே எனக்குப் புத்தி வந்தது. பிறகு மேடைக்கு மேல் உள்ள அலமாரித் தட்டின் அடியில், நேர் அடுப்புக்கு மேல் அல்லாமல் ஆவியும் எண்ணெய்ப் புகையும் நேரே தாக்காதபடி ஒரு முழம் தள்ளி, 10 வாட் ஈரடிப் பட்டி ஒன்றைப் பொருத்தினோம். பழைய இடத்தில் இருந்த 12 வாட்டைக் கழற்றி 5 வாட் வைத்தோம். மொத்தத்தில் மின்சாரம் ஏறக்குறைய அதுவேதான், ஆனால் அரிசியில் கல் தெரிந்தது, கீரையில் புழு தெரிந்தது, வாணலியில் வெங்காயம் பொன்னிறமாவது தெரிந்தது. விளக்கை மாற்றி இடத்தை மாற்றாமல் விடுவது பாதி வேலைதான் என்பதை நான் அந்தச் சமையலறையில் கற்றேன். இந்த நூலில் வேறு எதை மறந்தாலும் இதை வாசகர்கள் மறக்கக் கூடாது.

பொன்னிறம் தெரிவதற்கு ஒளியின் இன்னொரு குணமும் வேண்டும். பொருள்களின் உண்மையான வர்ணத்தை விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பிடுகிறார்கள், பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று குறித்திருக்கும். குண்டு பல்புக்கு அது நூற்றை ஒட்டியது. எல்.இ.டி.யில் 80-க்குக் குறைந்ததை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். 90 கிடைத்தால் சமையலறைக்கும், புடவை எடுத்து நிறம் பார்க்கும் பீரோ பக்கத்துக்கும் அதை வைக்கலாம். குறைந்த தரத்து ஒளியில் தக்காளி பழுப்பாகவும், அரக்குப் பட்டு கறுப்பாகவும், மனித முகம் நோயாளியின் முகம்போல் வெளிறியும் தோன்றும்.

படிக்கும் பிள்ளைக்கு அறை நடுவில் பெரிய விளக்கு ஒன்று போதாது. வலக்கையால் எழுதுபவர் என்றால் இடப்புறத்திலிருந்து, கை நிழல் காகிதத்தில் விழாதபடி, 4000 கெல்வின் உள்ள மேஜை விளக்கு வேண்டும். வயோதிகர்களுக்கு வெளிச்சம் கூடுதலாகத் தேவை. அறுபது வயதுக் கண்ணுக்கு இருபது வயதுக் கண்ணைவிட இருமடங்குக்கு மேல் வேண்டியிருக்கிறது. ஆனால் அதே கண் கூச்சத்தையும் அதிகம் உணரும். எனவே அவர்களுடைய அறையில் ஒரே இடத்தில் 15 வாட் வைப்பதைவிட, பால் மூடி போட்ட 7 வாட் இரண்டை இரண்டு இடத்தில் வைப்பது உத்தமம். கட்டிலிலிருந்து கழிப்பறை வரையிலான வழியில், தரைக்கு அருகில், அரை வாட் மஞ்சள் விளக்கு ஒன்று அவசியம். இரவில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதை எந்த வைத்தியமும் முழுமையாகச் சரி செய்வதில்லை.

பூஜை அறையில் 3 வாட் மஞ்சள் விளக்கு போதும்; அங்கே எண்ணெய்த் தீபமே பிரதானமாகத் தெரிய வேண்டும். வாசலுக்கும் மஞ்சளே நல்லது. எல்.இ.டி. ஒளியில் பூச்சிகளை அழைக்கும் புறஊதாக் கதிர் அனேகமாக இல்லை, மஞ்சள் நிறம் இன்னும் குறைவாகவே அழைக்கும். மழை பெய்து ஓய்ந்த இரவில் டியூப் லைட்டைச் சுற்றி மொய்க்கும் ஈசலைக் கூட்டிப் பெருக்கியவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

வாங்குவதும் பொருத்துவதும்

பல்பின் உள்ளே ஒளி தரும் சில்லு ஒன்று, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை அந்தச் சில்லுக்கு ஏற்ற நேர்மின்னோட்டமாக்கித் தரும் டிரைவர் என்ற சிறு சுற்று ஒன்று. சில்லு நெடுநாள் உழைக்கும். 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தால், தினம் ஆறு மணி நேரம் வீதம் பதினோரு வருஷத்துக்கு மேல். பெரும்பாலும் முதலில் சாவது டிரைவர்தான். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் உஷ்ணத்தில் உலர்ந்துபோகும் பொருள். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகிவிடும் என்பது மின் தொழிலில் உள்ளவர்கள் கையாளும் கணக்கு. ஆகவே கண்ணாடிக் குமிழால் நான்கு பக்கமும் மூடிய பழைய விளக்குக் கூட்டில் சாதாரண எல்.இ.டி. பல்பை அடைத்து வைத்தால், அது எவ்வளவு நல்ல கம்பெனியின் பல்பானாலும் சீக்கிரம் போய்விடும். மூடியை எடுத்துவிடுங்கள், அல்லது அந்த இடத்துக்கென்றே செய்த எல்.இ.டி. ஃபிட்டிங்கை வாங்குங்கள்.

சாலையோரத்தில் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு முறை பெயரில்லாத பல்புகள் ஆறு வாங்கினேன். ஐப்பசி மழை முடிவதற்குள் நான்கு அணைந்துவிட்டன. ஒன்று அணையாமல் துடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு பெட்டியைப் படிக்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. இந்தியத் தரக் கழகத்தின் முத்திரையும், ஐ.எஸ். 16102 என்ற எண்ணும், அதன் கீழே ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எரிசக்தித் திறன் நட்சத்திரங்கள் இருந்தால் அதிக நட்சத்திரம் உள்ளதை எடுக்கலாம். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில் உள்ளவர்கள், எந்த வோல்டேஜிலிருந்து எந்த வோல்டேஜ் வரை தாங்கும் என்ற குறிப்பைப் பார்ப்பது முக்கியம்; விஸ்தாரமான எல்லை கொண்ட நல்ல டிரைவர், மாலையில் வோல்டேஜ் விழுந்தாலும் வெளிச்சத்தைக் குறையவிடாது. கடையிலேயே பல்பை எரியவிட்டு, கைப்பேசியின் கேமராவை அருகில் பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் பலமாக ஓடினால் அந்தப் பல்பின் ஒளி துடிக்கிறது என்று பொருள். படிக்கும் மேஜைக்கு அது வேண்டாம். உத்தரவாதம் உள்ள பல்பு என்றால் பில்லை வாங்கிப் பத்திரப்படுத்தி, மாட்டிய தேதியைப் பல்பின் கழுத்தில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். இரண்டு வருஷத்துக்குள் போனால் சண்டையின்றி மாற்றிக்கொள்ள இதைவிடச் சிறந்த சாட்சியம் இல்லை.

குண்டு பல்பை மாற்றுவதற்கு மெக்கானிக் தேவையில்லை. மெயினை அணைத்துவிட்டு, காய்ந்த கையோடு, ஆடாத மர ஸ்டூலின் மேல் நின்று மாற்றிவிடலாம். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது பின் ஹோல்டர். அலங்கார விளக்குகளில் திருகு ஹோல்டர் இருக்கும். எது என்று பார்த்து வாங்க வேண்டும். டியூப் லைட் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக எலக்ட்ரீஷியனை அழைக்கச் சொல்வேன். பழைய பட்டியில் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் வைத்துக்கொண்டே எல்.இ.டி. டியூபை மட்டும் செருகும் வகைகள் கிடைக்கின்றன என்றாலும், சில ஒரு முனையில் மின்சாரம் கொடுக்க வேண்டியவை, சில இரு முனையிலும் கொடுக்க வேண்டியவை; பின்னால் வருபவர் இது தெரியாமல் வேறு டியூபைச் செருகினால் ஆபத்து. பழைய பட்டியை அடியோடு கழற்றிவிட்டு, இரண்டு கிளிப்பில் மாட்டி இரண்டு ஒயரைச் சேர்க்கும் முழு எல்.இ.டி. பட்டியைப் பொருத்துவதே உசிதம்.

அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு இரவில் மின்மினிபோல் லேசாக மினுங்குகிறதென்று சிலர் பயப்படுவதுண்டு. இன்டிகேட்டர் பொட்டு உள்ள சுவிட்சு வழியாகவோ, ஒன்றையொன்று ஒட்டிச் செல்லும் நீண்ட ஒயர்கள் வழியாகவோ கசியும் அற்ப மின்னோட்டமே அதற்குப் பெரும்பாலும் காரணம். குண்டு பல்பை அது ஏற்ற முடியாது, எல்.இ.டி.யை ஏற்றிவிடும். ஆனால் இதை அலட்சியம் செய்யக் கூடாத ஒரு சந்தர்ப்பமும் உண்டு. எங்கள் வீட்டுப் பின்கட்டில் இப்படி மினுங்கியபோது, வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்த எலக்ட்ரீஷியன், 'ஐயா, சுவிட்சை அணைச்சாலும் ஹோல்டர்ல ஃபேஸ் நிக்குது. அந்தக் காலத்துல நியூட்ரலைச் சுவிட்சுக்குக் கொண்டு போயிட்டாங்க' என்றார். 'அப்படின்னா இத்தனை வருஷமா சுவிட்சை மட்டும் அணைச்சிட்டுப் பல்பு மாத்தினோமே தம்பி?' என்று கேட்டேன். 'தப்பிச்சது தெய்வாதீனம்தாங்க' என்று சொல்லிவிட்டு, அன்றே ஒயரை மாற்றிக் கொடுத்தார். பழைய வீடுகளில் விளக்கு மாற்றும் சாக்கில் எல்லாச் சுவிட்சுகளையும் ஒரு முறை இப்படிச் சோதித்துவிடுவது உயிர் காக்கும் செலவு. மெயினை அணைக்கச் சொல்வதும் இதனால்தான்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் இருந்தால், அதோடு சாதாரண எல்.இ.டி. ஒத்துப்போகாது, டிம்மரை நீக்குங்கள் அல்லது டிம்மருக்கேற்றது என்று எழுதிய பல்பை வாங்குங்கள்.

கழற்றியவற்றை என்ன செய்வது என்பது பலர் யோசிக்காத பாகம். குண்டு பல்பில் விஷம் ஒன்றும் இல்லை. உடையாமல் காகிதத்தில் சுற்றிப் போடலாம். டியூப் லைட்டிலும் சி.எஃப்.எல்.லிலும் சொற்ப அளவேனும் பாதரசம் இருக்கிறது. அவற்றைத் தெருமுனைக் குப்பையில் எறிந்து உடையச் செய்தால், அதைக் கையால் அள்ளும் துப்புரவுத் தொழிலாளி அந்த ஆவியைச் சுவாசிக்கிறார். உடையாமல் அட்டையில் சுற்றி மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். தவறி வீட்டில் உடைந்துவிட்டால், ஃபேனை அணைத்து, குழந்தைகளை வெளியேற்றி, ஜன்னலைத் திறந்து கால் மணி நேரம் விட்டு, பிறகு கெட்டி அட்டையால் சில்லுகளைத் திரட்டி, மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போட வேண்டும். துடைப்பத்தால் பெருக்குவது பாதரசத்தை அறை முழுவதும் பரப்பும். பழுதான எல்.இ.டி. பல்பைப் பொறுத்தவரை, உள்ளே தகட்டை மாற்றித் தரும் ரிப்பேர்க்காரர்கள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். குப்பைக்கு அனுப்புமுன் அவர்களிடம் ஒரு முறை காட்டலாம்.

விளக்குகளை எல்லாம் மாற்றியானதும் அடுத்த ஈ.பி. பில்லை ஆவலோடு பார்ப்பது இயற்கை. அதை முந்தைய பில்லோடு ஒப்பிடாதீர்கள். மாசி பங்குனிக் கணக்கையும் சித்திரை வைகாசிக் கணக்கையும் பக்கத்தில் வைத்தால், ஃபேனும் ஏ.சி.யும் ஓடியதில் விளக்கின் மிச்சம் மறைந்துபோய், மாற்றியும் பயனில்லை என்று மனம் சோரும். சென்ற வருஷம் இதே இரண்டு மாதத்துக்கு வந்த யூனிட்டைத் தேடி எடுத்து, ரூபாயை அல்ல, யூனிட்டை யூனிட்டோடு ஒப்பிடுங்கள். அந்த எண்ணையும் முதல் நாள் மாலை எழுதிய அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.